இருபதாவது குழாய்

ஐஸ் அக்காவின் கைகள் சுண்டுவிரல் நுனியளவுக் குழாய்களில் எண் எழுதிக்கொண்டிருந்தன, ஒன்றிலிருந்து இருபது வரை. ஆய்வுக்கூடத்தில் எந்நேரமும் ஐஸ் வாளியும் கையுமாகத் திரிவதால் வந்த பெயர் அது. இருபத்திரண்டு வருட வேலையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

அன்று பங்கு பிரிக்க வேண்டியது ஒரு மனித ஏற்பிப் புரதம். செல்லின் மேல் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே அனுப்பும் ஆள். மனித உடம்பிலிருந்து எடுப்பதில்லை. மனித மரபணுவை வேறு செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்லைப் புரதம் செய்யவைத்து வாங்குகிறார்கள். "மனுஷப் புரதமா? யாரோடது?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, "உங்களோடது இல்ல. இது சொன்னா கேக்கும்" என்று முடித்துவிட்டாள்.

ஆனால் உறைந்து உருகி, உறைந்து உருகி என்றிருந்தால் கெட்டுப்போகும். அதனால் பொடியாக வருவதைக் கரைத்த கையோடு இருபது குழாய்களில் சம அளவாக விட்டு உறையவைத்துவிட வேண்டும். ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் மூன்று மாதச் சோதனை அந்த இருபதை நம்பியிருந்தது.

ஒன்றரை மாதமாக அக்காவின் வலது கை நடுங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிச் சமாளித்தாள். ஆறாவது குழாயில் விடும்போது, அளந்து விடும் பிப்பெட்டின் மேல் கட்டைவிரல் துள்ளியது. ஒரு தடவை விட்டோமா, இரண்டு தடவையா? யோசிக்காமல் ஏழு, எட்டு என்று போய்விட்டாள். பத்தொன்பதோடு கரைசல் தீர்ந்தது. வழக்கமாக ஒரு சொட்டாவது மிஞ்சும்.

இருபதாவது குழாய் வாயைப் பிளந்து நின்றது. பக்கத்திலேயே கரைக்கும் திரவம் இருந்தது. பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான். ஊற்றி மூடினால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. சோதனை தப்பினால் டாக்டரம்மா தன் மூளையைத்தான் நொந்துகொள்வாள்.

"என்னக்கா, குழாயை முறைக்கிறீங்க? ஏதாச்சும் திட்டிச்சா?" என்றார் கருவிகளைப் பழுதுபார்க்க வந்திருந்த மெக்கானிக்.

"அது திட்டாதுங்கிறதுதான் தொல்லை."

காலிக் குழாயைக் குப்பையில் போட்டாள். மற்ற பத்தொன்பதை உறைபெட்டியில் வைத்துவிட்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"பத்தொன்பதுதாம்மா தேறுச்சு. ஆறுல ரெண்டு பங்கு விழுந்திருக்கும்னு சந்தேகம். அதைத் தொடாதீங்க."

"உங்களுக்கா கை தவறுச்சு?"

"நடுங்குதும்மா. ஒன்றரை மாசமா."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா பிப்பெட்டை வாங்கிடுவீங்களே."

"வாங்கத்தான் போறேன். என்னன்னு தெரியற வரைக்கும்." டாக்டரம்மா பேனாவை மூடினாள். "பதினெட்டை வச்சு ஓட்டிக்கறேன். முதல்ல போய் ரத்த டெஸ்ட் பண்ணுங்க. தைராய்டா இருந்தா மாத்திரையிலயே அடங்கும்."

"இந்த ஒன்றரை மாசத்துல நான் பிரிச்சதெல்லாம்?"

டாக்டரம்மா மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தாள்.

மறுநாள் காலை அக்கா வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் ரெண்டு பன்னும் டீயும் முடித்துக்கொண்டு வந்தாள். தடித்த கையுறை மாட்டி, உறைபெட்டியைத் திறந்து, ஒன்றரை மாதத்தில் தான் பிரித்த பெட்டிகளைத் தேதி பார்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். டாக்டரம்மா சந்தேகப் பட்டியலில் எழுதிக்கொண்டாள்.