நிற்கும்போது கோடு, ஓடும்போது எழுத்து

கெடிலம் பாலத்தைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கக்கத்தில் அறிவியல் ரெக்கார்டு நோட்டு. ஜூன் மாதம் வாங்கியது, பிப்ரவரி வந்துவிட்டது. முதல் பக்கத்தில் என் பெயரும் பத்தாம் வகுப்பு என்பதும் இருந்தன. மற்ற பக்கங்கள் கடையில் இருந்தபடியே இருந்தன.

பொங்கலுக்கு முன்னால் அடித்த புயலில் எங்கள் தெருவில் பாதிக் கூரைகள் போய்விட்டன. ரெக்கார்டு எழுதாதவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. "நோட்டு தண்ணியில போயிடுச்சி சார்" என்று வரிசையாக எழுந்து நின்று சொன்னோம். அறிவியல் சார் இரக்கப்பட்டு, வீட்டிலிருந்து யாராவது வந்து சொன்னால் போதும் என்றார். நான் பாலத்தைத் தாண்டிய அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அம்மா வந்தாள்.

"நோட்டா? அது எங்க சார் போவுது? கூர பிச்சிக்கினு போவும்போதே கவர்ல சுத்தி அரிசி டிரம்முக்குள்ள வச்சிட்டேன். ரேஷன் கார்டுதான் ஊறிப் போச்சி" என்று ஒயர் கூடையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சார் பக்கங்களைப் புரட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா சார்?"

"ரொம்பப் பத்திரமா இருக்கும்மா" என்றார் சார்.

அம்மா வேலைக்குப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பதினஞ்சு சோதனை. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு என் மேசையில இருக்கணும். இல்லன்னா பதினோரு மணி பிராக்டிகலுக்கு உள்ள வராத."

நான் சிதம்பரத்துக்குப் போவதென்று தீர்மானித்தேன். அங்கே மாமா இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. இன்ஜினியரிங் படிப்பு முந்தின வருஷமே முடிந்திருந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட் மட்டும் கொடுக்கவில்லை. அதனால் பட்டம் வரவில்லை. கடைசி நேரத்தில் வேலை செய்வதில் எங்கள் குடும்பத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் புத்தகத்துக்கு அட்டையே போட்டார். பள்ளியில் இரண்டாவதாக வந்தார். நான் யாரையாவது பார்த்து வளர்ந்தேன் என்றால் அவரைப் பார்த்துத்தான்.

இருட்டும் நேரத்தில் அவர் அறைக்குப் போய்ச் சேர்ந்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"திங்கக்கிழமையா? டேய் மாப்ள, முழுசா ரெண்டு நாளு இருக்குதுடா. இப்பவே ஆரம்பிச்சா கை ஓடாது."

சனிக்கிழமை முழுவதும் சுற்றினோம். கீழவீதியில் டீ குடித்தோம். யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு பிச்சாவரம் வரை போய்ப் படகில் ஏறாமல் திரும்பி வந்தோம். நான் போன இடமெல்லாம் நோட்டைக் கக்கத்திலேயே வைத்திருந்தேன். மாமாவோ கல்யாணத்துக்கு வந்தவர்போல இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் நான் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ஒரே மூச்சில் பதினைந்து சோதனைகளையும் படித்தார். எல்லாவற்றுக்கும் முடிவை முதலில் எழுதச் சொன்னார். "முடிவுலருந்து பின்னாடி நடந்து வரணும்டா. குவிலென்ஸுக்குக் குவியத்தூரம் பத்துன்னு போட்டுட்டியா? இப்ப அதுக்கு ஏத்தாப்புல அளவுங்க. எல்லாம் சரியா பத்து வந்தா சந்தேகப்படுவாங்க. ஒண்ணு ஒம்பது புள்ளி எட்டு, ஒண்ணு பத்து புள்ளி ஒண்ணு. கொஞ்சம் தப்புப் பண்ணு, அப்பதான் நெஜம்." அவர் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படங்களை அவரே வரைந்தார். மூளையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் புத்தகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மூடிவைத்து வரைந்தார்.

நடுவில் கரண்ட் போயிற்று. வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்தோம். அறையில் கூட இருந்த சிநேகிதர் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மச்சான், உனக்கும் நாளைக்குத்தானே கடேசி? மூணு மணிக்கு மேல ரிப்போர்ட்ட வாங்க மாட்டாங்களாம். ஹெச்.ஓ.டி. கண்டிப்பா சொல்லிட்டாரு."

"மூணு மணிக்குத்தானேடா. காலையில உக்காந்தா முடிஞ்சிடும். பத்துப் பக்கம்தான் பாக்கி."

"அந்தப் பத்துப் பக்கம் ஒரு வருஷமா பாக்கி" என்றார் சிநேகிதர். மாமா என் இதயத்துக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கவலையே இல்லை. என் பதினைந்தையே முடிப்பவருக்குப் பத்துப் பக்கம் ஒரு வேலையா?

திங்கட்கிழமை விடிந்தபோது நான்கு சோதனைகள் மீதி. மாமா பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார். "பஸ் நிக்கும்போது கோடு, ஓடும்போது எழுத்து" என்றார். பி.முட்லூரில் ஆள் ஏறும்போது ஒரு இலையை முடித்தார். புதுச்சத்திரத்தில் திருகு அளவி. ஆலப்பாக்கத்தில் பஸ் கிளம்பப் பார்த்தபோது, "அண்ணே, ஒரு நிமிசம், வட்டம் பாதியில நிக்குது" என்று கத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "காம்பஸ எடுத்துட்டியா? போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதினார். பஸ்ஸே சிரித்தது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சார் மேசையில் நோட்டை வைத்தேன். அவர் நிதானமாகப் புரட்டினார்.

"ஒம்பது புள்ளி எட்டா?"

"ஆமா சார்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"மாமா சார்."

சிவப்பு மையில் பதினைந்து கையெழுத்துப் போட்டார். பிராக்டிகலை முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஒரு மணி. மாமா அப்போதே சிதம்பரம் பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்தேன். அவர் பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு ஸ்கூட்டர் சீட்டில் நோட்டை விரித்து வரைந்துகொண்டிருந்தார். சுற்றி மூன்று பையன்கள். மதியம் பிராக்டிகல் உள்ளவர்கள், ரெக்கார்டு முடிக்காதவர்கள்.

"மாமா, மூணு மணி..."

"இருடா, இவனுக்கு மூளை மட்டும்தான் பாக்கி."

அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஒரு பிசிறு இல்லாமல் கோடு போய்க்கொண்டிருந்தது. என் மாமாவிடம் மற்றவர்கள் மாமா என்று கூப்பிட்டுக் கெஞ்சுவதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மூளைகளையும் முடித்து அவர் நிமிர்ந்தபோது இரண்டரை. பசிக்கிறது என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தார்ப்பாய்க் கூரைக்கடியில் படுத்துத் தூங்கினார்.

எனக்காகத்தான் அவர் தன் பட்டத்தை விட்டார் என்று பிறகு அம்மா பலரிடம் சொன்னாள். நானும் வெகுநாள் அப்படியே சொல்லிவந்தேன். பிராக்டிகலில் நல்ல மதிப்பெண் வாங்கினேன், கணக்கில் விழுந்தேன், அதோடு படிப்பு நின்றது. திருப்பூர், சூரத், கொச்சி என்று சுற்றினேன். அடுத்தவர் மிஷின் நின்றுபோனால் விழுந்தடித்துச் சரிசெய்துகொடுப்பேன். ஊருக்கு எழுதவேண்டிய நாலு வரிக் கடிதம் மாதக்கணக்கில் பைக்குள் கிடக்கும். அப்போதுதான் அந்த ஸ்கூட்டர் சீட்டு வேறு மாதிரி தெரிந்தது. தன்னுடைய பத்துப் பக்கத்தின் பக்கம் போக மாமாவுக்குப் பயம். என்ன பயம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்தவர் வேலையில் அந்தப் பயம் கிடையாது. அங்கே அவர் முழு மனிதர். இதனால் அவர் என் கண்ணில் குறைந்துவிடவில்லை. அப்படி ஒரு கையை நான் பிறகு எந்த ஊரிலும் பார்க்கவில்லை.

பதினைந்து வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பட்டம் வாங்கினவர்களே வேலைக்கு ஆறு மாதம் அலைகிறார்கள், எங்கள் மாமாவுக்கு ஒரே நாளில் வேலை கிடைத்துவிட்டது என்று வகுப்பெல்லாம் சொல்லிவைத்தேன். அது உண்மைதான். புயலில் சாய்ந்த கரண்டுக் கம்பங்களை மறுபடி நட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, யாரும் எழுப்பாமலே எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா குழி வெட்டும் வேலையில் சேர்ந்தார்.