குடித்திருக்கிறார் என்று நினைத்தேன்

குவைத்தில் பதினான்கு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு, அறந்தாங்கிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டார் என் கணவர். சித்திரையில் அடிக்க வேண்டிய வெயில் இந்த வருடம் மாசியிலேயே அடித்தது. கடலைக் கொல்லையில் களையெடுக்கப் புறப்பட்டவரிடம், "வெயில் தாழப் போங்க" என்றேன்.

"குவைத்துல பாக்காத வெயிலா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு மணிக்குத் தள்ளாடியபடி வந்தார். வாய் குழறியது. என் பெயரையே மாற்றிச் சொன்னார். வெளிநாடு போகுமுன் இருந்த குடிப்பழக்கம் திரும்பிவிட்டதென்று எனக்கு ஆத்திரம். "போதை தெளியட்டும், படுங்க" என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் உள்ளே போய் முகர்ந்து பார்த்தேன். சாராய வாடையே இல்லை. உடம்பு நெருப்பாகச் சுட்டது. பேச்சு மூச்சு இல்லை.

என் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, "தண்ணிய ஊத்து தாயி, நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன்" என்றார். வண்டி வரும்வரை குடம் குடமாக ஊற்றினேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் என்னைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இப்போதெல்லாம் பத்து மணிக்கே கொல்லைக்குப் போய் அவரைக் கையோடு கூட்டிவந்துவிடுகிறேன். வெயிலில் யார் தள்ளாடி வந்தாலும் முதலில் தொட்டுப் பார்க்கிறேன். கதவைச் சாத்தியிருந்த அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.