அரைஞாண் கயிற்றில் ஒரு ஸ்பானிய வெள்ளி

தொண்ணூற்றெட்டில் நான் மலைமேல் அரியூர் நாட்டில் கிராம நர்ஸாக இருந்தேன். பழைய ஐரோப்பிய வெள்ளிக்காசு சேர்ப்பது என் பைத்தியம். சேலத்துக் கொலுசுப் பட்டறை ஒன்றில் உருக்க வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு டச்சுக் காசை எடைக்கு வாங்கியதில் தொற்றிக்கொண்டது. அதுவரை ஐந்து சேர்ந்திருந்தன.

ஒருநாள் தடுப்பூசிக்கு வந்த எட்டு மாதப் பெண் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு காசு தொங்கியது. இரண்டு தூண்கள், நடுவே கிரீடம், கீழே கடலலை. ஸ்பானியக் காசு. புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்தேன்.

"இது ஏது கண்ணு?" என்று குழந்தையின் தாயிடம் கேட்டேன்.

"எங்க மாமியா ஊட்டுதுங்க. காத்துக்கருப்பு அண்டாதுன்னு கட்டுனது."

"எனக்குக் குடுக்கறியா? பாப்பாவுக்குப் புதுக் கொலுசு வாங்கித் தாரேன்."

அவள் என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். "நீங்க கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுங்களா?" என்று கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள். எனக்குச் சம்மதம் மட்டும்தான் காதில் விழுந்தது. அந்த வாரமே கொலுசு வாங்கிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அவள் புருஷன் ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல். மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்வாங்கியது. பஸ் போய்விட்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரியில் நாமக்கல்லுக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் மூச்சை எண்ணினேன். தாயின் விரல்கள் குழந்தையின் வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தன. சளிக்காய்ச்சலுக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவள்தான் நான். ஆனாலும் என் பீரோவில் இருந்த காசைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தை பால் குடித்தது. உடனே மலையேறிக் காசை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.

"நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க."

அவள் தலை நிமிரவில்லை. "குடுக்கலைன்னா பாப்பாவுக்கு ஊசி போடமாட்டீங்களோன்னு பயந்துட்டனுங்க."

கொலுசைக் கழற்றித் தர வந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தடுப்பூசி நாளில் வருவாளா என்று காலையிலிருந்து ரோட்டையே பார்த்தபடி இருந்தேன். உச்சிவேளைக்கு வந்தாள். குழந்தையின் ஸ்வெட்டரை இடுப்புக்குக் கீழே இழுத்து விட்டிருந்தாள். நான் அதை விலக்கிப் பார்க்காமல் தொடையில் ஊசி போட்டு அனுப்பினேன்.