ஐந்தாம் எண் தேய்ந்த போன்

என் நண்பன் ஒருவன் மீது, அவன் செய்தது குற்றமல்ல என்று தெரிந்தே புகார் எழுதினேன். அதே காரியத்தை எனக்கும் அவன்தான் செய்து கொடுத்திருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எதுவும் இதைக் குறைத்துவிடக் கூடாது.

அவனை நினைத்தால் அவனுடைய பொத்தான் போன்தான் முதலில் கண்ணில் வருகிறது. ஐந்தாம் எண் தேய்ந்து, பின்மூடி விழாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்ட கறுப்புப் போன். மதுரை தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். அவன் பரவையிலிருந்து பஸ்ஸில் வருவான். அவன் மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்த காலம் அது. காலையில் சமைத்து வைத்து, சோறு எங்கே, தண்ணீர் எங்கே என்று அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவான். சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸை ஒரு நாளும் விட்டதில்லை. எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் அண்ணே. உறவு எதுவும் கிடையாது. என் டப்பாவில் கத்தரிக்காய் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

ஒரு வருடம் பொது இடமாறுதல் வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் மதுரையில் இடம். மற்றவர் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்த் தங்க வேண்டும். முதலில் பதிகிறவருக்கு முன்னுரிமை என்றார்கள். பதிவதற்கு ஓர் இணையப் பக்கம். அதைச் செய்தவர்கள், அதிகாரிகள் கையில் இருந்த ஒருவகை விலையுயர்ந்த போனை மட்டும் மனதில் வைத்துச் செய்திருந்தார்கள். மற்ற போன்களில் திறந்தால் ‘இந்தக் கருவிக்கு இப்பக்கம் இல்லை’ என்று ஒரே ஒரு வரி வரும்.

டீக்கடையில் நின்றுகொண்டு அவன் அந்த வரியைப் பார்த்துச் சிரித்தான். “இவன் நம்மளப் பாக்கலண்ணே, போன் பேரப் பாக்குறான். பிரவுசரு போயிக் கதவத் தட்டுறப்ப, நான் இன்ன போனுன்னு சொல்லுது. அதக் கேட்டுட்டு வெளிய தள்ளுறான். பேர மாத்திச் சொல்லச் சொல்லுவோம்.”

“அது தப்பில்லையா மாப்ள?”

“உள்ள போயி நம்ம பேரையும் நம்ம நம்பரையுந்தான எழுதப் போறோம்? உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்ணே.”

பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய், அந்தப் பெரிய போனின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினான். பக்கம் திறந்தது. சின்னத் திரைக்குள் அடங்காமல் பாதி எழுத்து வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. பொத்தானை அழுத்தி அழுத்தி நகர்த்திப் படித்து, தன் பெயரைப் பதிந்தான். அடுத்த பத்து நிமிடத்தில், அதே போனில், என் பெயரையும் பதிந்தான்.

பட்டியலில் அவன் பெயர் வந்தது. எனக்குக் கடற்கரை. அங்கே போவதில் எனக்கு இருந்தது அசௌகரியம் மட்டுமே. அன்றே புகார் எழுதினேன்: ‘தம்மிடம் இல்லாத கருவியைத் தம்முடையதாகக் காட்டி, ஆள்மாறாட்டம் செய்து பதிவு செய்துள்ளார்.’ எந்தச் சொல்லைக் கண்டால் மேலிடம் பதறும் என்பது, இருபத்தெட்டு வருடம் கோப்பு எழுதிய எனக்கு அத்துப்படி. பிரவுசர் என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆள்மாறாட்டம் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

விசாரணையில் என்னையும் உட்கார வைத்தார்கள். போனில் பெயரை மாற்றியதை அவன் மறைக்கவில்லை. “வேற யாருக்கும் இப்பிடிச் செஞ்சு குடுத்தீங்களா?” என்று அதிகாரி கேட்டார். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தான். ரப்பர் பேண்டைச் சரிசெய்தான்.

“இல்ல சார். எனக்கு மட்டுந்தான்.”

வெளியே வந்ததும் “ஏண்ணே?” என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் பதிவு ரத்தானது, மதுரை இடம் எனக்கு வந்தது. அவன் கடற்கரைக்குப் போனான். இரண்டாம் மாதம், வீட்டில் தனியாக இருந்த அவன் மனைவி அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டார். அவன் வேலையை விட்டுவிட்டுப் பரவைக்கே திரும்பினான். அடுத்த மேசைக்கு வேறொருவர் வந்தார். நல்ல மனிதர். அவர் என் டப்பாவைத் தொடவே மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, என் பதிவும் அதே போனில், அதே முறையில் செய்யப்பட்டதுதான் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போன மாசியில் பரவைக்குப் போனேன். அவனுக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. கடிதத்தைப் படித்து, மடித்து, என் சட்டைப்பையிலேயே வைத்தான். உள்ளேயிருந்து, “யாரு வந்திருக்கிறது?” என்று அவன் மனைவி கேட்டார்.

“பேங்க்குல கூடப் பழகுனவரு” என்று பொய் சொன்னான். அந்த வீட்டுக்குள் வேறொருவனாகத்தான் நுழைந்தேன். அவர் கொடுத்த காபியைக் குடித்தேன். டம்ளரை நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு. மாடத்தில் அந்தக் கறுப்புப் போன் இருந்தது. எண் தேய்ந்தாலும் ஐந்தாம் பொத்தானில் மிச்சமிருக்கும் மேட்டைத் தடவி எண் போடலாம் என்பதால் இப்போது அதை அவர்தான் வைத்திருக்கிறாராம்.

வாசலில் அவன் சொன்னான்: “அவளுக்கு உங்க பேரு ஆகாதுண்ணே. இப்பிடியே வாங்க, போங்க.”

இரண்டு தடவை அப்படியே போனேன். பழையபடி சிரித்தோம்கூட. மூன்றாம் தடவை காபியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அவன் மனைவியிடம் என் பெயரைச் சொன்னேன், செய்ததையும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த டம்ளரைத் தடவி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். “எதுக்குண்ணே இப்பச் சொன்னீங்க?” என்றான் அவன். அதன் பிறகு நான் போகவில்லை. பரவைப் பக்கம் போகும் பஸ் வந்தால் திரும்பி நின்றுகொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து, சென்ற வாரம், அந்தப் போனிலிருந்து அழைப்பு வந்தது. அவன் என்று நினைத்து “மாப்ள” என்றேன்.

“நாந்தான் பேசுறேன்” என்றார் அவன் மனைவி. “அவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல. வாரதுன்னா வாங்க. எங்கிட்ட ஒண்ணும் பேச வேணாம்.”

சரி என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

“வாசல்ல நின்னு உங்க பேரச் சொல்லுங்க” என்றார். “நான்தான் வந்து கதவத் தெறப்பேன்.”