நடு ஹாலில் மாட்டாத கப்பல்

நாகரத்தினம் சார் போய்விட்டார் என்ற செய்தி நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வந்தது. அவர் மனைவியிடம் பேசலாம் என்று போனை எடுத்தால், எடுக்காத அழைப்புகளில் சாரின் பெயரே சிவப்பாக நின்றது. முந்தின வாரம் காற்றடித்த அன்று கூப்பிட்டிருந்தார். மணி அடித்தது எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

அறந்தாங்கியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கப்பல் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வல்லத்திராக்கோட்டையில், சுற்றிலும் வயல் இருக்கிற வீட்டில், சுவரெல்லாம் பாய்மரக் கப்பல்களும் கடலுமாக அச்சுப் படங்கள். பெரிய வீடுகளை இடிக்கும்போது காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும் வெளிநாட்டுப் படங்களை லீவு போட்டுப் போய்ப் பார்ப்பார். நாம் ‘கேப்டன்’ என்று கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொள்வார். துபாயிலிருந்து வந்த ஒருவர் எண்ணெய்க் கப்பல் படம் போட்ட பளபளப்பான காலண்டரை நீட்டியபோது மட்டும் கைகூப்பி மறுத்துவிட்டார். “இஞ்சின் வச்சதெல்லாம் வண்டிங்க. காத்த நம்பிப் போறதுதான் கப்பல்” என்றார்.

கட்டுமாவடியில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அவரால் வர முடியவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்துக்கே ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். புயலில் மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்று ஒருக்களித்துக் கிடக்கிறது. கிழிந்த பாய்களுக்குக் கீழே ஆட்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அவரிடம் இருந்ததிலேயே நல்ல படம் அதுதான். “இங்க வயக்காட்டுல கெடந்து என்ன செய்யும்? கடலப் பாத்த வீட்டுல இருக்கட்டும்மா” என்றார்.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். படத்தைப் பிரித்ததுமே என் மாமியார் முகம் மாறிவிட்டது. “கடலுக்குப் போறவன் வீட்டுல சாஞ்ச கப்பலா? மொதல்ல அங்கிட்டு எடுத்து வையி” என்றார். எங்கள் பக்கம் யாரும் அப்படிப்பட்ட படத்தை மாட்ட மாட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டேன்.

“மாட்டியாச்சாம்மா?” என்று மறுநாள் ஆசையாகக் கேட்டார். “நடு ஹால்லதான் சார்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க வருகிறேன் என்றபோதெல்லாம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பெயின்ட் வேலை நடக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். பிறகு அவராகவே கேட்பதை நிறுத்திக்கொண்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும் அவர் போன் வரும். “காத்து எப்படிம்மா இருக்கு? தம்பி கரைக்கு வந்துட்டாரா?” என்று என் கணவரை விசாரிப்பார். சுற்றி வளைத்துப் படத்துக்குத்தான் வரப்போகிறார் என்று ஒரு வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவேன். சில நாள் எடுப்பதே இல்லை.

துக்கத்துக்குப் போன அன்று அவர் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. சரோஜா அக்கா, அவருடைய மனைவி, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“ஒன் வீட்டுக்கு வந்த படத்தோட எடம்மா அது. டி.வி.யில பொயல்னு சொல்லிட்டா அவருக்கு ராத்திரித் தூக்கம் போயிரும். ‘கடலுக்குப் போறவுக வீட்டுக்குன்னு அந்தப் படத்தக் குடுத்தேனே, எனக்குப் புத்தி இருக்கா? அந்தப் பிள்ள ஆசையா நடு ஹால்ல மாட்டிருக்கு, எப்புடித் திருப்பிக் கேப்பேன்’னு பொலம்புவாரு.”

“அக்கா, அது பரண்லதான் இருக்கு. நாங்க மாட்டவே இல்ல” என்றேன்.

“இத அவருகிட்டச் சொல்லிருக்கக் கூடாதாம்மா?” என்று மட்டும் கேட்டார் அக்கா.

அவர் மனம் நோகக் கூடாது என்று சொன்ன பொய்தான் அது. அந்தப் பொய்யே அவரை இத்தனை வருடம் பயத்தில் வைத்திருந்தது. உங்கள் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

புறப்படும்போது அக்கா பீரோவுக்கு மேலிருந்து பேப்பர் சுற்றிய ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். “மாத்திக் குடுக்கணும்னு வாங்கி வச்சாரு. ஒங்கிட்டக் கேக்க அவருக்கு வாய் வரல.” அலையே இல்லாத ஒரு துறைமுகம். பாயைச் சுருட்டிக்கொண்டு கப்பல்கள் கரையோரமாக நிற்கின்றன.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது புயல் படத்தைக் கொண்டுபோய் அந்த ஆணியில் நானே மாட்டினேன். அவர் வாங்கிய துறைமுகம் எங்கள் நடு ஹாலில் இருக்கிறது. இந்த முறை நிஜமாகவே. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படமும், போனில் நான் அழிக்காமல் வைத்திருக்கும் அந்தச் சிவப்பு அழைப்பும்.

நேற்றும் காற்று எழும்பியது. என் கணவர் கடலில் இருந்தார். அவர் கரைக்கு வந்து சேரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வந்துவிட்டாரா என்று கேட்க யாரும் கூப்பிடவில்லை.