எங்கட ஆக்கள் மட்டும் வேண்டாம்

உரைபெயர்ப்பாளருக்குச் சொந்த வாய் இருக்கக் கூடாது. டொக்டர் சொல்வதைத் தமிழிலும், வந்தவர் சொல்வதை இங்கிலிஷிலும் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகவேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நான், ஒரு சிலோன் தமிழச்சி, சிட்னித் தமிழருக்கு ஒரு மனநல அமைப்புத் தொடங்கிய கதை இது.

அன்ரியின் "இல்லை"

வென்ட்வேர்த்வில்லில் ஒரு டொக்டரின் அறை. வந்தவவை ரஞ்சி அன்ரி என்று வைத்துக்கொள்ளுங்கோ. "சாகவேணும் எண்டு யோசிச்சனீங்களோ?" என்று டொக்டரின் கேள்வியைத் தமிழில் கேட்டேன். "சீச்சீ, இல்லை" என்றா. அதையே இங்கிலிஷில் சொன்னேன்.

வெளியே லிஃப்டுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்தா. "நேற்றும் யோசிச்சனான், பிள்ளை." ஐயோ முருகா! ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உம்மட மாமியோடதானே மேய்ஸ் ஹில் கோயில்ல பூக் கட்டிறனான். உம்மை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது?"

கதவுக்கு வெளியே நான்

விடுவேனா! டொக்டரிடம் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். நான் இருந்தால் வாயே திறக்கமாட்டேன் என்று அன்ரி ஒற்றைக் காலில் நின்றா. டொக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, உரைபெயர்க்கப் போனில் ஓர் இந்தியத் தமிழ்ப் பெண்ணைப் பிடித்தார். ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்து நகம் கடித்தேன். அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது, அன்ரி பிழைத்தா. கண் வீங்கி வெளியே வந்தவ சொன்னது:

"அந்தப் பிள்ளைக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரையும் தெரியாது. எவ்வளவு சுகமாக் கதைச்சனான்!"

கெல்லிவில் மீனா

கெல்லிவில்லில் இருக்கிற மீனா தமிழ்நாட்டுக்காரி, மனநல நர்ஸ், என் சிநேகிதி. பெயர் ஊர் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். திடுக்கிடுவா என்று பார்த்தால், சிரிக்கிறா.

"உனக்கு இப்பத்தான் தெரியுமா? எங்க ஆளுங்க என்கிட்டயே வந்து, 'சிஸ்டர், சிலோன் தமிழ் யாராச்சும் இருக்காங்களா'ன்னு கேக்குறாங்க!"

இரண்டு அறை

நான் கவுன்சிலிங் படித்து முடித்ததும் நானும் மீனாவும் அமைப்பைத் தொடங்கிவிட்டோம். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபம், இரண்டு அறை. இந்தியாக்காரர் என்னிடம், எங்கட ஆக்கள் மீனாவிடம். அதே மண்டபத்தில் ஸ்பானிஷ்காரருக்கு இதே வேலை செய்யும் பெண், "மனம் என்று போர்டில் எழுதாதே, ஒருவரும் வரமாட்டார்கள்" என்றா. போர்டே வைக்கவில்லை.

மூன்றாம் சனி, மீனாவின் அறை வாசலில் ஒருவர் குனிந்த தலையோடு இருந்தார். சட்டை எனக்குத் தெரிந்த சட்டை. காலையில் நான் அயர்ன் பண்ணிக் கொடுத்தது! கோயிலுக்குப் போட்டு வாறன் என்று புறப்பட்ட என் மனுசன். பதினெட்டு வருசம் ஒரே வீட்டில் இருக்கிறோம். கிட்டப் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர மனசில உள்ளது உமக்குத் தெரியக் கூடாது எண்டுதான் மீனாட்ட வந்தனான். தயவுசெய்து உம்மட அறைக்குப் போம்."

அவர் என்ன சொன்னார் என்று மீனாவிடம் எத்தனை தரம் கேட்டும் அவ வாயே திறக்காதபோதுதான், எங்கள் அமைப்பு ஒழுங்காக நடக்கிறது என்று வயிற்றெரிச்சலோடு விளங்கியது.