முன்னும் பின்னும் இல்லாத ஊர்வலம்

சம்பூர்ணம் பேசும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. தலையில் புளிக்கூடை, இடுப்பில் ஒரு கை, பார்வை எதிரே உள்ள பாறையில். "செல்லம்மா, வேரு நீட்டிக்கினு கீது, பாத்து வா" என்ற எச்சரிக்கை மட்டும் தோளைத் தாண்டிப் பின்னே போகிறது. செல்லம்மா அதைத் தனக்குப் பின்னால் வருபவளிடம் சேர்ப்பிக்கிறாள். ஒடுகத்தூர்ச் சந்தைக்கு இறங்கும் மேல்கொல்லைப் பெண்கள் இப்படித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒற்றையடிப் பாதையில் கழுத்தைத் திருப்பினால் கால் தவறும்.

வீட்டிலும் அதே வழக்கம். கணவர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சம்பூர்ணம் வாசலைப் பார்த்தே உரக்கப் பேசுவார். "கல்யாணம் ஆன நாளா இவ கொண்டையப் பாத்துத்தாங்க குடும்பம் பண்றேன்" என்று வருவோரிடமெல்லாம் கோவிந்தன் முறையிடுவார். "மூஞ்சியப் பாத்திருந்தா எப்பவோ ஓடியிருப்ப" என்ற பதிலும் வாசலை நோக்கித்தான் வரும்.

தை மாதத்தில் மேல்கொல்லையும் கீழ்கொல்லையும் சேர்ந்து காளியம்மனுக்குச் சாமைப் பொங்கல் பானைகளைச் சுமந்து செல்வது முறை. ஒற்றையடிப் பாதையில் யாரேனும் ஒருத்தி முன்னே போய்த்தான் ஆகவேண்டும். அவள் எந்த ஊர்க்காரி என்பதில் மூண்ட சண்டையால் இரண்டு ஆண்டுகளாகப் பானைகள் புறப்படவில்லை. கீழ்கொல்லைக்கு வாழ்க்கைப்பட்ட சம்பூர்ணத்தின் மகள் வசந்தியும் அதன்பின் தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வசந்தியின் மாமியார் மங்கம்மாள்தான் அவ்வூரின் முதல் பானைக்காரி.

1979 பிறந்தபோது மலைக்குத் தார்ச்சாலை வந்து சேர்ந்தது. சம்பூர்ணம் அதன் குறுக்கே கைகளை விரித்து நின்று பார்த்தார். பிறகு நேரே கீழ்கொல்லைக்குப் போனார். "பின்னாடி வாங்கன்னு யாரு சொன்னது? பக்கத்துல வாங்க!"

மங்கம்மாள் வெற்றிலையைத் துப்பினார். "ஒரு முழம் முன்னாடி போனாலும் பானையப் போட்டு ஒடச்சிட்டுத் திரும்பிடுவேன், ஆமா!"

சம்பூர்ணம் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஒத்திகை பெருங்கூத்தாயிற்று. பக்கம் பக்கமாக நிறுத்திய எட்டுப் பெண்களும் புளியமரத்தைத் தாண்டுவதற்குள் ஒருத்தி பின் ஒருத்தியாகிச் சாலையோரத்தில் ஒண்டினர். மலையில் பழகிய கால்கள் முன்னே போகும் குதிகாலைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகின்றன.

"இன்னாங்கடி, எறும்பா நீங்க? இம்மாம் பெரிய ரோட்ட வுட்டுட்டு ஓரமா ஊர்றீங்க!"

"அகலமா நடக்கக் கூச்சமா கீதுக்கா" என்றாள் செல்லம்மா.

சம்பூர்ணம் காட்டுக்குள் போய் நீண்ட மூங்கில் ஒன்றை வெட்டி வந்து, வரிசைக்குக் குறுக்கே நீட்டினார். ஒரு கை தலைப்பானையில், மறு கை மூங்கிலில். அன்று மாலை ஒருவழியாக வரிசை நேரானது.

விழா நாளில் பம்பை அதிர்ந்தபோது மலையே கிளம்பிவிட்டதுபோல் இருந்தது. முன்வரிசையில் எட்டுப் பானைகள், பின்னே எட்டெட்டாக இரண்டு ஊர்ப் பெண்களும். சம்பூர்ணமும் மங்கம்மாளும் மூங்கிலின் நடுவில். சாலையின் அகலம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு குலவையும் கூச்சலுமாய் அவர்கள் இறங்கி வந்த அழகைக் காண, எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் வண்டியை ஒதுக்கிவிட்டுக் கூரைமேல் ஏறினார்.

ஓடைப் பாலத்தருகே மூங்கில் நின்றது. பேருந்து கடந்து வந்த பிறகுதான் யாரோ அங்கே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஓர் ஆள் நுழையும் வழிதான் மிச்சம். பம்பை ஓய்ந்தது.

"யாரு மொதல்ல?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மங்கம்மாள் மூங்கிலை விட்டுவிட்டு, இரு கைகளாலும் பானையைத் தலையிலிருந்து மெல்ல உயர்த்தினார். பின்வரிசையில் வசந்தியின் முகம் வெளிறியது.

"பாலம் யாருக்கு வேணும்?" சம்பூர்ணத்தின் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. "எறங்குங்க ஓடையில!"

பம்பை பொங்கி எழுந்தது. மங்கம்மாளின் பானை தலைக்குத் திரும்பியது. கை மூங்கிலுக்குத் திரும்பியது. சேலைகளைச் செருகிக்கொண்டு எட்டுப் பேரும் ஒரே வீச்சாய்க் கரையிறங்கினர். பின்னே இரண்டு ஊரும் நீரை வாரியடித்துக்கொண்டு இறங்கின. முழங்கால் அளவு தண்ணீர். அடியில் வழுக்கும் கூழாங்கற்கள். மங்கம்மாளின் பானை ஒருபக்கம் சாய்ந்தது.

சம்பூர்ணம் மூங்கிலை விட்டு அவர் மணிக்கட்டைப் பற்றினார். பிறகு கழுத்தைத் திருப்பி, முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னார்: "பாத்து வைங்க காலை, சம்மந்தியம்மா."